நருமதை மண்டையோடும் நம் நூலாசிரியரும்

பெசன்ட் நகர் அன்பர் ஒருவர் மதிப்புரைக்கென அளித்த ஆதி மனிதர் பற்றிய சிறுநூலைப் படித்தோம். நடை தெளிவானது, பிள்ளைகளும் விரும்பிப் படிப்பர். ஆயினும், நருமதை மனிதனை 'ஹோமோ எரக்டஸ்' என ஆசிரியர் ஐயமின்றி முடித்திருப்பது நமக்கு உடன்பாடன்று.

1982 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்து ஹத்னோராவில் புவியியலாளர் அருண் சொனாக்கியா கண்டெடுத்தது மண்டையோட்டின் மேற்பகுதியே. அதிலும் பெரும்பாலும் வலப்புறம். முகமில்லை, தாடையில்லை, பல்லுமில்லை. அவர் முதலில் எரக்டஸ் என்றே பெயரிட்டார். 1991இல் கென்னடி முதலானோர் மீளாய்ந்து, மூளைக் கொள்ளளவை 1,155 முதல் 1,421 கன சென்டிமீட்டர் எனக் கணித்து, ஹோமோ சேப்பியன்ஸ் எனத் துணிந்தனர். அக்கட்டுரையாளருள் சொனாக்கியாவும் ஒருவர்! கண்டெடுத்தவரே கைவிட்ட பெயரை நம் ஆசிரியர் சுமப்பானேன்? கிழிந்த ஒற்றை ஏட்டைக் கொண்டு நூலாசிரியர் பெயரை அறுதியிடுவோரை, அரபுச் சுவடியோ தமிழ்ச் சுவடியோ பயின்றோர் ஏற்பரோ?

1863இல் புரூஸ் ஃபூட் கற்கோடரி கண்ட பல்லாவரம் பெசன்ட் நகருக்குத் தொலைவன்று. அத்திரம்பாக்கத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழைமையுடையன என 2011இல் அறிவிக்கப்பட்டது. அவற்றைச் செய்தோரின் எலும்பு ஒன்றும் அங்குக் கிட்டவில்லை. ஆசிரியரோ அவர்களுக்கும் அதே பெயரைச் சூட்டுகிறார். அடுத்த பதிப்பில் இவ்விரு இடங்களையும் திருத்துவாராக.