நாளமில்லாச் சுரப்பியின் நாளம்

தமிழகப் பாடநூல்களில் நிலைபெற்றுள்ள ‘நாளமில்லாச் சுரப்பி’ என்னும் கலைச்சொல் வளர்ந்த உடலுக்குப் பொருந்துவது. கருவியலை மொழிபெயர்ப்போர்க்கோ இடர் தருவது. தைராய்டு, கருவின் நான்காம் வாரத்தில் தொண்டைத் தளத்தில், நாக்கு உருவாகும் இடத்தை ஒட்டித் தோன்றிக் கழுத்துக்கு இறங்குகிறது. இறங்கும்போது நாக்கோடு அதனை இணைத்து நிற்பது ஒரு குறுகிய நாளம். ஏழாம் வாரத்தளவில் சுரப்பி தன்னிடம் சேர, நாளம் மறைகிறது. எஞ்சினால் கழுத்தின் நடுவே நீர்க்கட்டியாகலாம். அதன்வழி ஏதும் சுரப்பதில்லை என்பது மெய்யே. எனினும் ‘நாளமில்லாச் சுரப்பியின் நாளம்’ என்றெழுதும் முரண் நீங்குவதில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளும் கருவில் நாளச் சுவரிலிருந்தே பிரிகின்றன.

குறை எதிர்மறைப் பெயரீட்டில் உள்ளது. அது உறுப்பின் ஒரு பருவத்தையே அதன் இயல்பாக்கிவிடுகிறது. பழைய ஆங்கில நூல்களிலும் இதற்கு நேரான பெயர் உண்டு. ஆயினும் அகத்தே சுரத்தலைக் குறிக்கும் கிரேக்கவழிச் சொல்லே அங்கு வேரூன்றியது. இலங்கைத் தமிழ் நூல்களின் ‘அகஞ்சுரக்குஞ் சுரப்பி’ அவ்வழியது. நாளம் இருப்பினும் இல்லாவிடினும் முரண்படாதது. (அங்கே பிட்யூட்டரிக்கு வழங்கும் ‘கபச்சுரப்பி’, மூளையிலிருந்து சளி வடிகிறது என்ற பழைய ஐரோப்பியப் பிழையை இலத்தீனிலிருந்து அப்படியே சுமந்து வந்தது என்பது வேறு செய்தி.) ஓசை சற்றுக் கடினம், கருவியல் நூல்களிலேனும் ‘அகச்சுரப்பி’ எனச் சுருக்கி ஆளலாம்.