தோளுக்கு இதமான பட்டை

தைப்பூசத்தன்று பத்துமலையில் படம் எடுப்பவர்களின் கழுத்தைப் பாருங்கள். பலருக்கும் கேமராப் பெட்டியிலேயே வந்த, நிறுவனப் பெயர் பொறித்த ஒல்லி நைலான் பட்டைதான். சுபாங் ஜெயாவில் கேடிஎம் பிடித்து, கேஎல் சென்ட்ரலில் மாறி, 272 படிகளையும் ஏறி முடிப்பதற்குள் பின்கழுத்தில் சிவப்பாகக் கோடு விழுந்துவிடும். 70-200 லென்ஸ் மாட்டினால் கேமராவின் எடை இரண்டு கிலோவைத் தொடும். அவ்வளவும் ஒரே கீற்றாகக் கழுத்தில் அழுத்துகிறது.

அகலப் பட்டை அந்த எடையைப் பரப்பிவிடும். நியோப்ரீன் மெத்தென்று இருக்கும், குலுக்கலையும் தாங்கும். ஆனால் காற்றுப் புகாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் சட்டை நனைந்துவிடும். என் கட்சி பருத்தி நெசவுதான். வியர்வையை உறிஞ்சும், வீட்டில் துவைத்தும் காயப்போடலாம்.

அதையும் கழுத்தில் தொங்கவிடாமல், இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குக் குறுக்காக மாட்டிப் பாருங்கள். கேமரா இடுப்போரம் ஒதுங்கிக் கிடக்கும். காவடி நெருங்கியதும் கை தூக்கினால் பட்டை தோளிலேயே நிற்க, கேமரா மட்டும் அதன்மேல் வழுக்கிக் கண்ணுக்கு வரும். அந்த ஓட்டம் எத்தனை அழகு!

வாங்கும்போது கொக்கியைக் கட்டாயம் பாருங்கள். பட்டையின் நுனி வெளியே தொங்கக் கூடாது. வளையத்துக்குள் திரும்ப நுழைத்து, உட்பக்கமாக இறுக்கியிருக்க வேண்டும். அப்போதுதான் கூட்டத்தில் யார் இடித்தாலும் உருவிக்கொள்ளாது.