கடிகாரத்தைச் சொல்லாத கையேடுகள்

ஓடிக்கொண்டிருக்கும் கேமை ஏஐ ஏஜென்ட்டின் கையில் கொடுக்கும் கருவிகள் பெருகிவிட்டன. கூடவே அவற்றின் கையேடுகளும். எப்படி நிறுவுவது, என்னென்ன கட்டளைகள், எதற்கு என்ன உள்ளீடு என்று எல்லாம் படிக்கச் சுத்தமாகவே இருக்கின்றன. ஏஜென்ட் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கேம் நிற்கிறதா, ஓடுகிறதா என்று கேட்டால்தான் பல கையேடுகளில் பதில் கிடைக்காது. இவற்றின் மற்ற குறைகளை மன்னித்துவிடலாம். இதை மன்னிக்க முடியாது.

அட்டாரி கேம்களில் நடந்ததைப் பாருங்கள். 2013இல் டீப்மைண்ட் ஆய்வாளர்கள் அவற்றை நியூரல் நெட்வொர்க்குக்குக் கற்றுக்கொடுத்தபோது, ஏஜென்ட் நான்கு ஃபிரேமுக்கு ஒருமுறைதான் திரையைப் பார்த்து முடிவெடுத்தது. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் இந்தக் கணக்கு உதைத்தது. அதில் லேசர்கள் விட்டுவிட்டு மினுக்கும். அந்த இடைவெளியும் நான்கு ஃபிரேம் தாவலும் ஒத்துப்போனதில், ஏஜென்ட்டின் கண்ணுக்கு லேசரே படவில்லை. அந்த ஒரு கேமுக்கு மட்டும் தாவலை மூன்றாக மாற்றினார்கள். காரணத்தையும் கட்டுரையில் ஓரிரு வரியில் எழுதிவைத்தார்கள். அந்த வரி இல்லாதிருந்தால், பின்னால் வந்து அதே சோதனையைச் செய்பவர் தன் நிரலில் இல்லாத பிழையைத் தேடி மாய்ந்திருப்பார்.

ஸ்டார்கிராஃப்ட் 2க்காக 2017இல் வெளியான பைஎஸ்சி2 என்ற கருவி இந்த விஷயத்தில் நல்ல முன்மாதிரி. எட்டு ஃபிரேமுக்கு ஒரு செயல் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 180 செயல்கள் என்று, மனித ஆட்டக்காரர்கள் பேசும் அளவிலேயே அதை உருவாக்கியவர்கள் கணக்குச் சொன்னார்கள். இந்தக் கணத்தில் எந்தச் செயல்கள் செல்லும் என்ற பட்டியலையும் கருவியே ஒவ்வொரு அடியிலும் தருகிறது. ஆனாலும் சராசரி ஒன்றை மட்டும் சொன்னால் போதாது என்பதை அதே கேம்தான் காட்டிக்கொடுத்தது. 2019 ஜனவரியில் டீப்மைண்டின் ஏஜென்ட்டான ஆல்ஃபாஸ்டார் இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தலா 5-0 என வீழ்த்தியதாக அறிவிக்கப்பட்டபோது, சண்டை மூளும் நொடிகளில் அதன் வேகம் மனிதக் கைக்கு எட்டாத உச்சத்துக்குப் போவதை ரசிகர்கள் பிடித்துவிட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த ஆய்வுக்கட்டுரையில், ஐந்து நொடிக்கு அதிகபட்சம் 22 செயல்கள் என்று உச்சவரம்பு எழுத்தில் ஏறியது. கையேட்டில் இருக்கவேண்டிய எண் அப்படிப்பட்டது.

பெரிய மொழி மாதிரிகள் வந்தபின் கையேட்டின் வாசகரே மாறிவிட்டார். மாதிரிகளை வெளிக்கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையில், ஒவ்வொரு கருவிக்கும் எழுதும் விளக்கம் நேராக மாதிரியின் பார்வைக்கே போகிறது. இதில் பெரிய நன்மை உண்டு. விளக்கம் தவறென்றால், ஏஜென்ட் தடுமாறுவது அப்போதே திரையில் தெரிந்துவிடும். மனிதர்களுக்கான கையேட்டில் தவறு ஆண்டுக்கணக்கில் தூங்கும். விளக்கங்களை நிரலிலிருந்தே தானாக எடுக்கும் வழக்கமும் நல்லதுதான். நிரல் மாறினால் கையேடும் மாறும். ஆனால் நிரலின் தலைப்பு வரியில் உள்ளீட்டின் பெயரும் வகையும் இருக்குமே தவிர, காலமும் தோல்வியும் இருக்காது.

‘நகர்: கதாபாத்திரத்தைக் கொடுத்த திசையில் நகர்த்தும்’ என்றொரு விளக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பதில் வருவது நகரத் தொடங்கியதுமா, நகர்ந்து முடிந்த பிறகா? எதிரே சுவர் இருந்தாலும் ‘வெற்றி’ என்றே வருமா? பல கருவிகளில் ‘வெற்றி’ என்பதற்குப் பட்டன் அழுத்தப்பட்டது என்பதற்கு மேல் பொருள் கிடையாது. ஏஜென்ட்டோ தான் நகர்ந்துவிட்டதாகவே நம்பி, சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

போகிமான் ஆட்டங்கள் இந்தக் குறையை மறைத்துவிட்டன என்பது என் சந்தேகம். 2025 பிப்ரவரியில் ட்விட்ச் நேரலையில் ஆந்த்ரோபிக்கின் கிளாட் மாதிரி போகிமான் ரெட் ஆடத் தொடங்கியது. மே மாதத்தில் கூகுளின் ஜெமினி மாதிரி போகிமான் புளூவை ஆடி முடித்தது. சண்டையில் பட்டன் அழுத்தும்வரை பொறுமையாகக் காத்திருக்கும் கேம்கள் இவை. அங்கே கடிகாரத்தைப் பற்றி வாய்திறக்காத கையேடும் பிழைத்துக்கொள்ளும். அதே பாணியை ஒரு துப்பாக்கிச் சண்டைக் கேமுக்கு எடுத்துப்போனால், மாதிரி ஒரு பத்தி யோசித்து முடிப்பதற்குள் ஆள் செத்திருப்பார். இன்னொன்று: இரண்டு மாதிரிகளுக்கும் கொடுக்கப்பட்ட துணைக்கருவிகள் வெவ்வேறு. எது திரையைப் பார்த்துக் கிடைத்தது, எது கேமின் நினைவகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது என்று பிரித்துச் சொல்லாமல், யார் கெட்டிக்காரர் என்று பேசுவது வெறும் அரட்டை.

விளக்கம் நீண்டால், மாதிரி படிக்கும் ஒவ்வொரு துணுக்குக்கும் ஆகும் டோக்கன் செலவு ஏறும் என்பது கருவி எழுதுவோரின் நியாயமான கவலை. ஆனால் ‘நகர்வு முடிந்த பிறகே பதில் வரும், தடை இருந்தால் நின்ற இடம் திரும்பும், இடையில் கேம் நிற்காது, யோசிக்க நேரம் வேண்டுமானால் முதலில் நிறுத்து’ என்று சேர்க்க இருபது சொல்கூட ஆகவில்லை. சுவரில் முட்டிய ஏஜென்ட் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் ஸ்கிரீன்ஷாட்டுகளில் ஒன்றுக்கே பெரும்பாலும் அதைவிடக் கூடுதல் டோக்கன் ஆகிவிடும்.