ஏறினால் பார்த்ததாகுமா?

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சுற்றுலா வேன்கள் செஞ்சியில் நின்றால், ஏறக்குறைய எல்லோருக்கும் குறி ஒன்றுதான்: ராஜகிரி உச்சி. மேலே போய்ப் படம் எடுத்துக்கொண்டு இறங்கினால் செஞ்சியைப் பார்த்தாயிற்று.

ஏறுவதை நான் குறை சொல்லமாட்டேன். கோட்டை என்பது காலால் படிக்க வேண்டிய பாடம். சுமார் 800 அடி உயரம். வாசல் தாண்டினால் இன்னொரு வாசல். உச்சிக்குச் சற்று முன்னால் பாறைப் பிளவின் மேல் ஒரு பாலம், அதை எடுத்துவிட்டால் வழியே இல்லை. மராட்டிய மன்னர் ராஜாராமைப் பிடிக்க வந்த முகலாயப் படை 1690 முதல் 1698 வரை ஏன் திணறியது என்பதைப் புத்தகத்தைவிட முழங்கால் நன்றாகச் சொல்லும்.

ஆனால் உச்சியே குறியாகிவிட்டால் அடிவாரம் வெறும் வழியாகிவிடுகிறது. கல்யாண மகாலும் சாதத்துல்லா கான் மசூதியும் பலருக்கு இளைப்பாறும் நிழல். சிலருக்குப் பெயரைக் கீறும் பலகை. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை என்பது அங்கே படம் எடுப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில், செஞ்சி மட்டும் இங்கே. பெருமைதான். ஆனால் அந்தப் பெயர்ப்பலகையில் நாயக்கர், நவாபு, பிரெஞ்சுக்காரர் எல்லோரும் அடிக்குறிப்பாகிவிடுவார்களோ என்ற கவலை எனக்கு உண்டு.

இத்தாலியில் பாதுவா நகரத்துச் சிற்றாலயம் ஒன்றில் 1305 வாக்கில் ஜோத்தோ தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. முன்பதிவு செய்து, காற்றின் ஈரத்தைச் சீராக்கும் அறையில் காத்திருந்து, சிறு குழுவாக உள்ளே போனால் சுமார் கால் மணி நேரம் பார்க்கலாம். அதற்காக நம்மவர்களும் விமானம் ஏறுகிறார்கள். அதற்கும் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் மூத்த ஓவியம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, பனமலையில் இருக்கிறது. ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலின் பக்கச் சிற்றறைச் சுவரில், குடை நிழலில், ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நிற்கிறாள் தேவி. சுண்ணப்பூச்சு பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. மிச்சமிருக்கும் கோட்டில் முகத்தின் சாய்வும் மகுடமும் தெரிய, கண் இருட்டுக்குப் பழகும் வரை பொறுத்து நிற்க வேண்டும். ஏறித் தீர்க்கும் அவசரத்துக்கு இது அகப்படாது.

அப்படியானால் எல்லா வேன்களையும் பனமலைக்குத் திருப்பிவிடலாமா? கூடாது. கல்யாண மகாலைக் கீறிய ஆணி அங்கே ஒருமுறை பட்டால் திருத்த வழியில்லை. கூட்டத்தை முதலில் மண்டகப்பட்டுக்கு அனுப்பலாம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கு எடுத்த கோயில் என்று மகேந்திரவர்மன் கல்வெட்டிலேயே சொல்லிக்கொண்ட குடைவரை அது. நெரிசலைப் பாறை ஓரளவு தாங்கும். பனமலைக்குப் பாதுவாவின் முறைதான் சரி: பத்துப் பத்துப் பேராக, விவரம் தெரிந்த ஒருவர் கூட வர.