வேடமாகிப்போன தேசங்கள்

‘உலக நாடுகள் தினம்’ என்ற பெயரால், குழந்தைகளுக்குப் பல தேசத்து வேடமிட்டுத் தனியார் பள்ளிகள் ஆண்டுதோறும் நடத்தும் கொண்டாட்டம் செஞ்சி போன்ற சிற்றூர்களுக்கும் பரவிவரும் இக்காலத்தில், அதைச் சிறந்த கல்விமுறையென்று ஆதரிப்போர் பலர். ஜப்பானியர் உடையை ஒருமுறை அணிந்த குழந்தை ஜப்பானியரைப் பகைக்காது, அதன் மனம் விசாலமடையும் என்பது அவர்கள் வாதம். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில், மராத்தியக் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டையும் இடம்பெற்று, உலகத்தின் பார்வை இவ்வூர்மேல் விழுந்தபின், அந்த வாதம் மேலும் வலுப்பெறக்கூடும்.

விழாவில் குழந்தைகளுக்கு உற்சாகம் உண்டு. தேசப்படத்தை அவர்கள் தாமாகவே விரித்துப் பார்க்கிறார்கள். தலைநகரங்களை நெட்டுருப் போடுவதினும் இது மேலானதே.

ஆயினும் நெடுங்காலமாக எனக்குள்ள ஆட்சேபம் ஒன்றுண்டு. கொடி, நாணயம், உணவு, உடை என்று ஒரு தேசத்தைச் சுருக்கிக் காட்டும் இம்முறை, அத்தேசத்தின் சரித்திரத்தையும், உழைத்து வாழும் அதன் ஜனங்களையும், எல்லாவற்றுக்கும் மேலாக நமக்கும் அதற்கும் நேர்ந்த சம்பந்தத்தையும் அடியோடு நீக்கிவிடுகிறது. பிரான்சு என்றதும் ஈபெல் கோபுரத்தை அட்டையில் வெட்டி ஒட்டும் செஞ்சிக் குழந்தைக்கு, 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஓர் இரவுத் தாக்குதலில் கைப்பற்றியது தன் ஊர் இராஜகிரிக் கோட்டையைத்தான் என்பதும், 1761இல் ஆங்கிலேயர் அதைப் பறித்துக்கொண்டபோது நடந்துகொண்டிருந்த ஏழாண்டுப் போரே கனடாவின் விதியையும் நிர்ணயித்தது என்பதும் தெரிவதில்லை. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறி, ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழைக்கச் சென்ற தமிழரின் கதையும் பிரான்சின் சரித்திரமே. அட்டைக் கோபுரத்தில் அதற்கு இடமேது?

ஜப்பானின் காரியமோ இன்னும் துக்ககரமானது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய இராணுவம் அமைத்த சயாம் இரயில் பாதையில், மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் ஆயிரமாயிரமாக மாண்டனர். 1945 ஆகஸ்டில் அதே ஜப்பானின் இரண்டு நகரங்கள் அணுகுண்டுகளால் அழிந்தன. இவ்விரண்டையும் சேர்த்துக் கேட்கும் வயது வந்த மாணவனுக்கும் காகித விசிறியையே கையில் கொடுத்து, இதுதான் சினேகபாவம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். துயரத்தையும் குற்றத்தையும் அறிந்த பின்னும் மனிதர்மேல் நிலைத்திருக்கும் அன்பையல்லவா கல்வி வளர்க்க வேண்டும்?

டோக்கியோவின் பள்ளியொன்றில் பரதநாட்டிய உடையையும் இட்டிலியையும் காட்டி, தமிழ்நாடு இவ்வளவே என்று முடித்துவிட்டால், செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டைகளோடு காத்திருக்கும் விவசாயியை அந்தக் குழந்தைகள் எவ்வாறு அறிவார்கள்? நம்மைப் பிறர் அப்படிச் சுருக்கினால் பொறுக்காத நாம், பிறரைச் சுருக்குவதைப் பரந்த நோக்கென்று புகழ்கிறோம். விழாவுக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவையும் பெரும்பாலும் செல்வம் மிக்க தேசங்களே. நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் போய் வாழ்ந்த பர்மாவுக்கு எந்தக் குழந்தை வேடமிட்டது?

இவற்றையெல்லாம் கற்பிக்கச் சொன்னால், பாடங்களை முடிக்கவே பொழுது போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். ஒத்திகைக்கு மட்டும் பொழுது எங்கிருந்து வருகிறது? வேடங்களுக்காகப் பெற்றோர் செலவிடும் பணத்தில் ஒரு பேருந்தை அமர்த்திக் குழந்தைகளைப் புதுச்சேரிக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் செஞ்சிக் கற்றூண்களைக் காட்டி, இவற்றை இங்கே கொண்டுவந்தவர் யார், எதற்காகக் கொண்டுவந்தார் என்று அவர்களையே விசாரிக்கச் செய்யும் ஆசிரியர், அந்த ஒரு பகலிலேயே பிரான்சைக் கற்பிக்கத் தொடங்கிவிடுவார்.