கடல் கடந்து வந்த குரல்கள்

வானொலியை அறிவியலின் கொடை என்று போற்றுகிறோம். அது அரசுகளின் கருவியாகவும் வளர்ந்தது என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம். 1939 அக்டோபரில் அகில இந்திய வானொலி தன் வெளிநாட்டு ஒலிபரப்பைப் பஷ்தூ மொழியில் தொடங்கியது. ஜெர்மானியப் பரப்புரைக்கு மறுமொழி கூறுவதே அதன் நோக்கம். 1941இல் இலண்டன் பி.பி.சி. தமிழில் பேசத் தொடங்கியதும் போரின் நெருக்கடியில்தான். அடுத்த ஆண்டு ஜெர்மனியிலிருந்து நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வானொலி எழுந்தது. பேரரசைக் காக்க ஒரு குரல். அதை வீழ்த்த மற்றொரு குரல். இரண்டின் பின்னாலும் ஓர் அரசு நின்றது.

போர் முடிந்த பின்னும் அக்குரல்கள் ஓயவில்லை. பி.பி.சி.யின் தமிழோசைக்கு நம் கடலூர்க் கரையோரத்திலும் நேயர்கள் இருந்தனர். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி அம்மையார் மறைந்த செய்தியை நம் நாட்டு வானொலி மாலை வரை அறிவிக்கவில்லை, பி.பி.சி.யோ பல மணி நேரம் முன்னரே அறிவித்துவிட்டது. உள்ளூர் வானொலி மௌனம் காக்கும்போது அயலார் குரலுக்கு வலிமை கூடுகிறது. ஆனால் பி.பி.சி. உலக சேவைக்கு 2014 வரை பிரித்தானிய வெளியுறவுத் துறையின் மானியமே ஆதாரமாயிருந்தது. பொய் சொல்லி ஏமாற்றுவதைக் காட்டிலும், பெரும்பாலும் உண்மையே சொல்லி நம்பிக்கையைச் சம்பாதிப்பது நுட்பமான அரசியல். எதைச் சொல்வது என்பதோடு, எதைப் பற்றிப் பேசுவது என்பதையும் அங்கே வேறொருவர் தீர்மானிக்கிறார்.

ஈழத்தின் வரலாறு இதை இன்னும் தெளிவாக்கும். இலங்கையில் அமெரிக்கக் குரல் வானொலி தன் நிலையத்தை விரிவாக்க முனைந்தபோது இந்தியா ஐயுற்றது. அதனால் 1987 ஜூலை 29 அன்று இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் வானொலியும் இடம்பெற்றது. அயல்நாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் பொது ஒலிபரப்புக்கு மட்டுமே பயன்பட வேண்டும், இராணுவ, உளவு நோக்கங்களுக்கு உதவக் கூடாது என்பது அக்கடிதங்களின் கருத்து. பின்னர் சிலாபத்தை அடுத்த இரணவிலையில் அந்நிலையம் எழுந்தபோது, அங்கு வாழ்ந்த கத்தோலிக்க மீனவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். உலகுக்கு உரிமை பேசும் வானொலி, தான் கால் ஊன்றும் மண்ணின் மக்களை முதலில் கேட்டதா? 2016இல் அந்நிலையம் மூடப்பட்டது. 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு அவ்வானொலிப் பணியாளர் பெரும்பாலோரை விடுப்பில் அனுப்பியது. பணம் தருபவர் நினைத்தால் குரலையும் அடக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிறரை அளக்கும் கோலால் நம்மையும் அளந்துகொள்வதே நேர்மை. 1931இல் மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியும் ஓர் அரசின் வானொலிதான். 1969இல் மணிலாவிலிருந்து ஒலிக்கத் தொடங்கிய வேரித்தாஸ் வானொலி நிலையத்தை எழுப்ப மேற்கு ஜெர்மனி அரசின் பொருளுதவியும் துணை நின்றது. ‘வேரித்தாஸ்’ என்றால் உண்மை. அப்பெயரைத் தாங்குவோர், ‘நாங்கள் நல்லவர்கள், ஆகவே எங்களைச் சோதிக்க வேண்டாம்’ என்று சொல்ல முடியாது.

ஆகவே எந்தக் குரலையும் மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். முதலாவது, பணம் தருபவர் யார் என்பதை அது மறைக்கிறதா? ஐரோப்பாவின் கம்யூனிச நாடுகளுக்கு ஒலிபரப்பிய சுதந்திர ஐரோப்பா வானொலி, மக்களின் நன்கொடையால் நடப்பதாகக் காட்டிக்கொண்டு அமெரிக்க உளவுத் துறையின் பணத்தில் நடந்தது. இரண்டாவது, தன் புரவலருக்குக் கசப்பான செய்தியையும் அது சொல்கிறதா? மூன்றாவது, கேட்பவரை மனிதராக மதிக்கிறதா, அல்லது வசப்படுத்த வேண்டிய இலக்காகக் கருதுகிறதா?

இச்சோதனை நம் மண்ணுக்குப் புதிதன்று. 2004 முதல் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த ஊர் மக்கள், காற்றின் மாதிரியைத் தாங்களே சேகரித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். பிறர் தரும் உறுதிமொழியோடு அவர்கள் நின்றுவிடவில்லை. சுவாசிக்கும் காற்றுக்கு நாம் காட்டும் இந்த விழிப்பை, செவிக்கு வரும் காற்றலைக்கும் காட்ட வேண்டாமா? சிற்றலை வானொலியின் இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்ட இந்நாளில் அந்த விழிப்பு இன்னும் தேவை. ஏனெனில் இன்று வரும் குரல்கள் பல, தாம் எங்கிருந்து பேசுகின்றன என்பதைக்கூடச் சொல்வதில்லை.