நெற்றியைத் தாண்டி வளவுக்குள்: செட்டிநாட்டு வீட்டை எப்படி ரசிப்பது?

காரைக்குடிப் பக்கம் வருகிறவர்களில் பலர் வீட்டின் நெற்றியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கைப்பிடிச் சுவரின் உச்சியில் சுதையால் செய்த கஜலட்சுமி, பக்கத்தில் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாய், கிரேக்க பாணித் தூண்கள், வளைவுகள், வண்ணக் கண்ணாடிகள். படம் எடுக்க இவை போதும். ஆனால் இதெல்லாம் ஊருக்குக் காட்டிய முகம். வீடு அதற்குப் பின்னால், இந்தத் தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீண்டு கிடக்கிறது.

வாசற்படியில் நின்று, நிலைக்கதவு திறந்திருக்கும்போது நேராக உள்ளே பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, கொல்லைவாசல் எல்லாம் ஒரே கோட்டில் தெரியும். கூரையிட்ட இடம் இருட்டாகவும் வானம் பார்த்த முற்றம் வெளிச்சமாகவும் மாறி மாறி வரும். காலை வெயில் சாய்ந்து விழும் நேரமே இதற்கு நல்லது. இந்தப் பார்வைக் கோட்டை மனத்தில் வாங்கிக்கொண்டு உள்ளே போனால், வீடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வழி தவறாது.

அடுத்து, வீட்டின் வயதைப் படிக்கப் பழக வேண்டும். பிரிட்டிஷார் 1852இல் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி ஆற்றுப்படுகையில் நெல் விளைச்சல் பெருகியது. அங்கே பயிரிட்டவர்களுக்குக் கடன் கொடுத்த நகரத்தார், அதாவது இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்கள், ஈட்டிய பணம் தேக்காகவும் பளிங்காகவும் இந்த வறண்ட பூமிக்கு வந்து சேர்ந்தது. விக்டோரியா ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்து வீட்டைத் தேடுகிறவர்கள் ஐரோப்பிய அலங்காரம் நிறைந்த மாடி வீட்டைத்தான் சுட்டிக்காட்டுவார்கள். உண்மையில் அக்காலத்து வீடுகளில் பல அடக்கமானவை: தணிந்த ஓட்டுக்கூரை, அகலமான திண்ணை, மரத்தூண்கள். படாடோபம் பெருகியது பிறகுதான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கானாடுகாத்தான் அரண்மனை 1912இல் எழுந்தது. காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீடு 1941ஆம் ஆண்டுக் கட்டடம். தெருவிலேயே காலத்தைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. திண்ணையும் ஓடும் மேலோங்கினால் பழையது. மாடியும் சுதை உருவங்களும் மேலோங்கினால் அதற்குப் பிந்தையது. மழுங்கிய மூலைகளும் நேர்கோட்டு அலங்காரமும் சிமெண்டும் தெரிந்தால் அநேகமாக 1930களை ஒட்டியது. ஒரே வீட்டில் மூன்றும் கலந்திருப்பதும் உண்டு. ஒவ்வொரு தலைமுறையும் முன்பக்கத்தை மாற்றிக் கட்டினாலும் உள்ளே கட்டு முறையில் கைவைக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய வியப்பு.

அதனால்தான் வளவில் அதிக நேரம் இருங்கள் என்கிறேன். நடுவே முற்றம், நாற்புறமும் தூண் வரிசை கொண்ட பத்தி, அதையொட்டி வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையும் திருமணமான ஒரு மகனுக்கு உரியது. அவன் மனைவி கொண்டுவந்த சீர் சாமான்கள் அங்கே பூட்டி வைக்கப்படும். நகரத்தாரிடையே மணமான தம்பதிதான் ஒரு புள்ளி. கோயில் கணக்கும் புள்ளியை வைத்தே நடக்கும். மணமாகிச் சிறிது காலத்தில் புதுத் தம்பதியை ‘வேறு வைப்பார்கள்’: கூரை ஒன்றுதான், உலை தனி. அறைக்கதவுகளை எண்ணிப் பாருங்கள். எத்தனை குடும்பங்கள் ஒரே முற்றத்தைப் பகிர்ந்தன என்பது விளங்கும். ஆண்கள் கடல் தாண்டிக் கொண்டுவிற்கப் போய் ஆண்டுக்கணக்கில் ஊர் திரும்பாத நாட்களில், இந்த வளவில் வீட்டை நடத்தியவர்கள் ஆச்சிகள் எனப்படும் வீட்டுப் பெண்கள். முன்கட்டில் சரவிளக்கு தொங்கலாம். ஆனால் உரலும் அம்மியும் ஊறுகாய் ஜாடியும் இருந்த பின்கட்டில்தான் எனக்கு வீட்டின் மூச்சு கேட்கிறது. வழிகாட்டி அவசரப்படுத்தினாலும் அதைப் பார்க்காமல் வராதீர்கள்.

வளவில் நின்று அண்ணாந்து பாருங்கள். நான்கு பக்க ஓடும் உள்நோக்கிச் சரிந்திருக்கும். அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓடு வெயிலைத் தடுக்கிறது. முற்றம் சூடான காற்றை மேலே விடுகிறது. ஐப்பசி மழையில் போக வாய்த்தால் இன்னும் நல்லது. கூரைத் தண்ணீர் மூலைகளில் வைத்த அண்டாக்களில் விழும். மிஞ்சியது கல் பாவிய முற்றத்தின் வடிகால் வழியே வெளியேறும். ஊர்த் தண்ணீரைத் தேக்கிவைக்க ஊருணிகள் இருந்தன. மழை குறைந்த சீமையின் வீடு இது என்பதை அந்தக் கூரைச் சரிவே சொல்கிறது.

வீட்டுக்காரர் சம்மதித்தால் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சித்திரை வெயிலிலும் குளிர்ச்சியாக, கண்ணாடி போல வழுவழுப்பாக இருக்கும். சுண்ணாம்பைப் பல பூச்சாகப் பூசி, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து, மேல்பூச்சைக் கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. இத்தாலியப் பளிங்குக்கும் ஜப்பான் ஓடுகளுக்கும் பெல்ஜியம் கண்ணாடிக்கும் முன்னால் வாய் பிளப்பவர்கள், உள்ளூர்க் கொத்தனாரின் இந்தக் கைவேலையைக் கவனிக்காமலே கடந்துபோவது எனக்கு வருத்தம்.

தரைக்கும் அதே மரியாதை வேண்டும். ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாதது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சுச் சட்டம் வைத்து, வண்ணச் சிமெண்டுக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் நிரப்பி, காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடியின் பளபளப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடும். ஆத்தங்குடி பெரிய வீட்டைப் பார்த்த கையோடு அதே ஊரின் பட்டறை ஒன்றுக்கும் போங்கள். கை ஊற்றும் வேகத்தில் பூவின் ஓரம் சற்றே அலையும். இரண்டு கற்கள் ஒன்றுபோல் இருக்காது.

ஆயிரம் ஜன்னல் வீடு எழுந்த அடுத்த ஆண்டே, 1942 மார்ச்சில், ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மாவில் இருந்த நிலமும் பணமும் கைவிட்டுப் போயின. புள்ளிகள் பெருகி, பங்கும் பெருகி, பல வீடுகள் கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன. சில பிரித்து விற்கப்பட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அவற்றின் தூண்களும் நிலைகளும் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். வளவைப் பார்த்த பிறகே அந்தத் தெருவுக்குப் போங்கள். அப்போதுதான் எந்தத் தூண் பத்தியில் நின்றது, எந்த நிலை மருமகளின் அறைக்கு உரியது என்று உங்களுக்கே தெரியும்.